பாரும் நாளையும்

மன்னார்க் கரையோர மக்களின் வழக்கிற் ‘பார்’ என்பது உலகைக் குறிக்கும் இலக்கியச் சொல்லன்று. கடலடியில் மணலும் சேறும் முடிந்து வன்னிலம் தொடங்கும் இடமே அங்குப் பார் எனப்படுகின்றது. சில பார்கள் மணலும் சுண்ணமும் இறுகியுண்டான தட்டைப் பாறைகள். வேறு சிலவற்றின்மேல் முருகைக்கல் வளர்ந்து மேடிட்டிருக்கும். வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை ஆகிய ஊர்களுக்கு எதிரேயுள்ள கடலில் முருகைக்கற் பார்கள் உள்ளன. முன்னாளிற் புகழ்பெற்ற முத்துப் பார்கள் அவற்றிற்கும் அப்பால் ஆழமான கடலிற் கிடக்கின்றன. 1902 ஆம் ஆண்டில் இக்கடலை ஆராய வந்த ஹேர்ட்மன் என்னும் விலங்கியற் பேராசிரியர் இவற்றிற்கு ஆங்கிலத்தில் வேறு சொல் தேடவில்லை. இலண்டன் வேத்தியற் கழகம் வெளியிட்ட அவருடைய அறிக்கையிற் ‘பார்’ என்ற தமிழ்ச் சொல்லே கையாளப்பட்டுள்ளது. ‘பெரிய பார்’ போன்ற பெயர்களும் கடலோடிகளின் வாயில் வழங்கியவாறே அதிற் பதிவாகியுள்ளன.

பெயரிட்டவர் ஒருவர், பயன்கொண்டவர் பலர். அரசு அதில் முத்தைக் கண்டது. கடற்றொழிலாளன் மீனையும் சங்கையும் சிங்க இறாலையும் கண்டான். இன்றைய விஞ்ஞானம் அதில் உயிர்களின் பெருங்குடியிருப்பு ஒன்றைக் காண்கின்றது. இம்மூவருள் எவர் பாருக்குப் பொறுப்பாளர்? அப்பொறுப்பு எதிலிருந்து பிறக்கின்றது? சுற்றாடல் பற்றிய பேச்சுக்களில் இவ்வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதேயில்லை. கரையோர மக்களுக்கு அறிவு போதாது, அறிவூட்டினாற் காப்பர் என்ற முடிவுடனேயே அப்பேச்சுக்கள் தொடங்குகின்றன. இம்முடிவு எவ்வளவு தூரம் ஏற்புடையது என்பது ஆராயத்தக்கது.

முதலில் அறிவு என்பதை நோக்கலாம். பாருக்கு மேல் நிற்கும் படகிலிருந்து கீழே எதுவும் தெரியாத நாளிலும், கரையிலுள்ள கோயிற் கோபுரத்தையும் தனிப் பனையையும் நேர்வைத்துத் தூண்டில் இடும் இடத்தைப் பிழையாது கண்டுகொள்பவன் மன்னார்க் கடலோடி. எந்த நீரோட்டத்தில் எந்த மீன் பாரைவிட்டு வெளியேறும், எங்கே வலையிட்டாற் கல்லிற் சிக்கிக் கிழியும் என்பனவெல்லாம் அவனுக்குத் தந்தைவழி வந்த கல்வி. பசுபிக் கடலிலுள்ள பலாவுத் தீவு மீனவரோடு பழகி 1981 இல் நூலொன்று வெளியிட்ட ஜொஹனஸ் என்ற கடலியல் அறிஞர், மீன்கள் முட்டையிடக் கூடும் காலமும் இடமும் பற்றி அம்மீனவர் அறிந்திருந்தவற்றுட் பல விஞ்ஞான நூல்களில் அன்றுவரை ஏறாதவை எனக் காட்டினார். மன்னார்க் கடலோடிகளிடம் இவ்வாறு நீண்டகாலம் அமர்ந்து கேட்டு எழுதியவர் மிகக் குறைவு. அது கடலோடியின் குறையன்று.

எனினும் ஒரு குறைபாட்டை மறைக்கவியலாது. வழக்கிலுள்ள சொல் முருகைக்‘கல்’ என்பதேயாகும். தமிழிலக்கியம் முத்தையும் பவளத்தையும் இணைத்தே பேசினாலும், இரண்டும் ஒரு கடலிற் பிறந்தவையல்ல. அணிகலனுக்குரிய செம்பவளம் மத்தியதரைக் கடலிலிருந்து வாணிகர் கொணர்ந்த பொருள்; மன்னார்க் கடலில் வளர்வது அணிகலனுக்கு உதவாத வெண்ணிறச் சுண்ணம். ஆகவே பவளம் என்ற பெயரின் மதிப்பு உள்ளூர்ப் பொருளைச் சேரவில்லை. அது கல்லாகவே கருதப்பட்டு, கல்லாகவே பயன்பட்டது. நெடுந்தீவின் வேலிகள் முருகைக்கல்லை அடுக்கியே எழுப்பப்பட்டன. யாழ்ப்பாணக் கோட்டையின் சுவர்களிலும் அக்கல்லைக் காணலாம். கல்லுக்கு எவரும் கடமைப்பட்டவரல்லர். இதனைக் கொண்டு கரையோர மக்களை எள்ளுதல் தகாது. 1720களில் பெய்சொனெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் பவளம் உயிரினங்களாலானது என்று கூறியபோது பாரிசிலிருந்த அறிஞர்களே அதனை ஏற்க மறுத்தனர். அதனைச் செடியென்றே அவர்கள் கொண்டிருந்தனர்.

சிறு உயிர்கள் தம் உடலைச் சுற்றிச் சுண்ணத்தைப் படியச் செய்கின்றன. அவை இறந்த பின்னும் அச்சுண்ணம் எஞ்சி, அதன்மேல் அடுத்த தலைமுறை அமர, நூற்றாண்டுகளிற் பார் உயர்கின்றது. இவ்வுண்மையை அறிந்தவுடன் கடமை பிறந்துவிடுமா? மீனும் உயிரென்பதை அறியாத மீனவன் இல்லை. அவ்வறிவு அவனுடைய வலையைத் தடுப்பதில்லை, தடுக்கவேண்டுமென்று மீனுண்பவர் எவரும் கூறவும் இயலாது. உயிரென்ற அறிவு மதிப்பைத் தரலாம். கையை மடக்கிக் காத்திருக்கும் வலிமையை அது மட்டும் தருவதாகத் தெரியவில்லை.

காத்திருத்தல் என்பதற்கு இக்கடலிலேயே வரலாறு உண்டு. முத்துச் சலாபம் ஆண்டுதோறும் நடைபெற்றதொன்றன்று. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் பார்கள் பரிசோதிக்கப்பட்டு, மாதிரிச் சிப்பிகள் எடுத்துத் திறக்கப்பட்டு, அவை முதிர்ந்திருந்தால் மட்டுமே சலாபம் அறிவிக்கப்பட்டது. 1891 ஆம் ஆண்டின் பின் 1903 வரை ஒரு சலாபமும் இல்லை. ஹேர்ட்மன் அழைக்கப்பட்டதும் அவ்வறட்சியின் காரணமாகவே. பின்னர் 1905 இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மரிச்சுக்கட்டியின் வெறுங்கரையிற் சில வாரங்களுக்குள் ஒரு நகரம் எழுந்து, சில வாரங்களுக்குள் மறைந்தது. கீழக்கரையிலிருந்தும் காயற்பட்டினத்திலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் குளிகாரர் வந்தனர். எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கு அவர்களுக்கு, எஞ்சியது அரசுக்கு. சுறாவின் வாயைக் கட்டுபவராக மதிக்கப்பட்ட ‘கடல்கட்டி’களுக்கும் அரசு நெடுங்காலம் ஊதியம் வழங்கியது. மந்திரத்தில் நம்பிக்கையற்ற ஆட்சியாளரும், கடல்கட்டி இல்லையெனிற் குளிகாரன் நீரில் இறங்கான் என்பதை நன்கறிந்திருந்தனர்.

இவ்வளவு நீண்ட பொறுமை எங்கிருந்து வந்தது? அரசு மீனவனைவிட அறவுணர்வு மிக்கதாயிருந்தமையாலன்று. அரசுக்கு நாளை இருந்தது. இவ்வாண்டு எடுக்காத சிப்பியை அடுத்த ஆண்டு வேறொருவர் எடுத்துவிடுவார் என்ற அச்சம் அதற்கில்லை. பாரைக் காவற்படகு சுற்றியது. இவ்வாண்டு வருமானம் இன்மையால் அது பட்டினி கிடக்கவும் போவதில்லை. 1906 இல் பார்கள் இருபது ஆண்டுக் குத்தகைக்குத் தனியார் கம்பனியொன்றிடம் விடப்பட்டபோது நிலைமை மாறிற்று. 1907 இன் பின் குளிக்கத்தக்க சிப்பி கிடைக்கவில்லை. குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பனி கலைந்தது. வீழ்ச்சி முழுவதையும் கம்பனியின்மேற் சுமத்துவது நேர்மையாகாது. சிப்பிப் படிவுகள் காரணந்தெரியாமல் அழிவது அதற்கு முன்னரும் பலமுறை நிகழ்ந்ததே. ஆயினும் பங்குதாரருக்கு ஆண்டுதோறும் கணக்குக் காட்டவேண்டிய ஒரு நிறுவனம் பன்னிரண்டு ஆண்டுகள் வெறுமனே காத்திருக்கவல்லதா என்பதை எண்ணிப்பார்க்கலாம். இதில் இன்னொன்றும் கவனிக்கற்பாலது. காத்த காலத்திலும் விற்ற காலத்திலும், கரையிலிருந்த அரிப்பு மக்களிடமோ சிலாவத்துறை மக்களிடமோ எவரும் கருத்துக் கேட்கவில்லை.

கரெற் ஹார்டின் 1968 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வோர் இடையனும் தன் மந்தையிற் கூடுதலாக ஒரு விலங்கைச் சேர்ப்பதே தனக்கு இலாபம் எனக் காண்பான், ஈற்றில் நிலமே அழியும் என்றார். பொதுவுடைமை அழிவுக்கே வழி என இதனை விளக்கியோர் பலர். ஆனால் ஹார்டினின் இடையர் ஒருவரோடொருவர் பேசுவதேயில்லை. உண்மையான ஊர்களில் மக்கள் பேசுகின்றனர், சண்டையிடுகின்றனர், முறை வகுக்கின்றனர். பின்னாளில் 2009 இல் பொருளியலுக்கான நொபெல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரொம் அம்மையார் 1990 இல் வெளியிட்ட நூல் இதனைப் பல நாட்டுச் சான்றுகளால் நிறுவிற்று. இலங்கைக் கரையோரத்துக்கு இஃது புதுச் செய்தியன்று. கரைவலை இழுக்கும் இடம் ‘பாடு’. அவ்விடத்து ஒவ்வொரு வலைக்கும் முறை உண்டு. தாழ்வுபாடு என்ற மன்னார் ஊர்ப்பெயரிலேயே அச்சொல் ஒலிக்கின்றது. நீர்கொழும்புக் கடனீரேரியிற் கட்டுவலைக்காரர் சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்கிக்கொள்ளும் முறைக்கும் ‘பாடு’ என்பதே பெயர்.

இவற்றை அளவுக்குமீறிப் புகழ்தலும் தவறு. ஒஸ்ட்ரொம் தோல்விக்கு உதாரணமாக எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று, தென்னிலங்கையின் மாவெல்ல என்னும் ஊர். அங்கும் கரைவலைக்கு முறை இருந்தது. ஆனால் புதிய வலைகள் சேர்வதைத் தடுக்க முடியாமற்போகவே, ஒவ்வொருவருக்கும் முறை வரும் நாள் அருகிற்று. முறை வகுத்தல் வேறு, முறைக்குள் வருவோரை வரையறுத்தல் வேறு. மன்னார்ப் பார்களைப் பொறுத்தவரை சிக்கல் மேலும் கடினமானது. கரைவலைக்குக் கரை எல்லையாக நிற்கின்றது; பாருக்குக் கண்ணுக்குத் தெரியும் எல்லையில்லை. தூண்டிற்காரனும் கூடு வைப்பவனும் சங்கு குளிப்பவனும் கடலட்டை எடுப்பவனும் ஒரே பாரை வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு ஆழத்திற் பயன்படுத்துகின்றனர். பருவத்துக்கு வந்து வாடி அமைக்கும் வெளியூர்க்காரரும் அவர்களுள் அடங்குவர்.

போர்க்காலத்தில் முறை வகுப்பதற்கான அடிப்படையே தகர்ந்தது. 1983 இன் பின் கடலிற் செல்வதற்குத் தடைகளும் அனுமதிச் சீட்டுக்களும் வந்தன. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டி மக்களும் முசலிப் பிரிவின் முஸ்லிம் ஊரவரும் புத்தளத்துக்குச் சென்றனர். 2007 இற் சிலாவத்துறைப் பகுதியில் நடந்த படை நடவடிக்கை எஞ்சியிருந்தோரையும் பெயர்த்தது. போர் 2009 இல் முடிந்து மக்கள் மீண்டபோது, எதிர்க்கரையிலிருந்து இழுவைப் படகுகள் வாரத்திற் சில இரவுகள் இக்கடலுக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றில் வருவோரும் தமிழ் பேசும் ஏழைத் தொழிலாளரே. இலங்கை 2017 இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. கடலிற் கோடு கிழிப்பது அத்துணை எளிதாயிருக்கவில்லை.

இத்தகைய கடலில் நிற்பவனிடம், முதிராத கடலட்டையை எடுக்காதே, சினை மீனை விட்டுவிடு எனக் கூறுவதன் பொருள் யாது? இன்று விட்டதை நாளை தானே பெறுவான், தன் மகனாவது பெறுவான் என்ற நம்பிக்கை இருந்தால் அது அறிவுரை. அந்நம்பிக்கை இல்லாவிடின், தான் விட்டதை அயலான் எடுத்துச் செல்வதற்காகப் பட்டினி கிடக்கச் சொல்வதாகவே அது முடியும். சிக்கனம், பொறுமை, அளவறிதல் முதலாய பண்புகளைத் தனிமனிதனின் மனத்திலிருந்து மட்டும் தோன்றுவனவாக அறநூலார் பேசுவதுண்டு. மன்னார்க் கரை காட்டுவது வேறு. நாளை மீது உரிமையில்லாதவனிடம் நாளைக்கான அறத்தை எதிர்பார்ப்பதற்கு, அவ்வுரிமையைப் பறித்தவர்களுக்குத் தகுதியில்லை.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். வறுமையும் நிலையின்மையும் மன்னிப்பாகுமெனில் எதுதான் மன்னிக்கப்படாது? டைனமைற் வீசி மீன் பிடிப்பவனும் இதே நியாயத்தைச் சொல்வானே? இத்தடை வலிமையுடையது, ஆயினும் இரு செயல்களை ஒன்றாக்குகின்றது. முதிராததை எடுப்பவன் நாளையிடமிருந்து எடுக்கின்றான். அந்நாளை அவனுக்கு உறுதியாக இல்லை. ஆகையால் அவன் பழி குறைகின்றது. வெடி வீசுபவனோ இன்றே, அதே பாரின்மேல் தூண்டிலிட்டிருக்கும் அயலானிடமிருந்து எடுக்கின்றான். ஒரு வெடியிற் குஞ்சும் சினையும் சிதறுவதோடு மீன் ஒதுங்கும் கல்லும் நொறுங்குகின்றது. மிதந்ததை அவன் அள்ளுகிறான், மூழ்கியது அழுகுகின்றது. அயலானும் அவனைப் போன்ற ஏழையே. எனவே நிலையின்மை என்ற வாதம் வெடிகாரனுக்கு உதவாது. 1996 ஆம் ஆண்டின் கடற்றொழிற் சட்டம் வெடியைத் தடைசெய்தமை, இவ்வகையில், கரையோர மக்களின் சொந்த நீதியுணர்வுக்கு மாறானதன்று. அதனை எதிர்த்து முதலிற் குரல் கொடுப்போர் பெரும்பாலும் தூண்டிற்காரரே.

கல்லெடுத்தல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவைக்கு வடக்கே சுண்ணாம்புச் சூளைகளுக்காக முருகைக்கல் தலைமுறைகளாக எடுக்கப்பட்டது. கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988 ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைத் தடுத்தபோது சூளையில் வேலைசெய்தோர் பிழைப்பிழந்தனர். தொழில் மறைவாகத் தொடர்ந்தது. 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை அக்கரையிற் பெரலிய என்னுமிடத்திற் புகையிரதத்தையே அடித்துச் சென்றது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். சில கிலோமீற்றர் தெற்கே, பார் காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை தணிந்தே வந்தது. கல்லெடுக்கப்பட்ட இடங்களில் அலை வலிதாகப் புகுந்தமையை 2005 இல் வெளியான ஆய்வொன்று சுட்டிற்று. எதிர்க்கரையிலும், மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலிருந்த 21 தீவுகளுள் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீருள் அமிழ்ந்தன. சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைக்குமாக அங்குக் கல் அகழப்பட்டமை அதற்கு முதன்மைக் காரணமாகக் கூறப்படுகின்றது. அப்பகுதி 1986 இற் கடற் தேசியப் பூங்காவானபோதும் அகழ்வு உடனே நிற்கவில்லை. கூடை சுமந்தவன் பெற்றது நாட்கூலி. சுண்ணாம்பு பூசிய வீடு வேறொருவனுடையது. அலையில் இறந்தவர் அவ்விருவரையும் அறியாத பயணிகள். பழியைப் பங்கிட முயல்வோர் கூடை சுமந்தவனோடு நின்றுவிடுவது ஏனென்றால், அவனே கடலில் நிற்கக் காணப்படுபவன்.

அண்மைக் காலத்தில் இவ்வினா வேறோர் உருவம் பெற்றுள்ளது. கடல்நீர் வழக்கத்திலும் மிகுதியாகச் சூடேறினால் முருகை உயிர்கள் தம்முள் வாழும் நுண்பாசிகளை இழந்து வெளிறுகின்றன. சூடு நீடித்தால் இறக்கின்றன. 1998 இல் இந்து சமுத்திரம் முழுவதும் இது நிகழ்ந்து இலங்கைப் பார்களைப் பெரிதும் அழித்தது. 2016 இலும் 2024 இலும் உலகெங்கும் வெளிறல் மீண்டது. மன்னார்த் தீவின் ஓடக்காரன் எரித்த மண்ணெண்ணெய் இதற்குக் காரணமன்று. இனி அவன் எவ்வளவு அடங்கி எடுத்தாலும் நாளை பார் இருக்குமென்று எவரும் அவனுக்கு உறுதிகூற முடியாது. அப்படியாயின் அடக்கம் எதற்கு? பாசி மேயும் மீன்கள் மிக்க பார் வெளிறலின் பின் விரைவில் தேறுகின்றது என்பது விஞ்ஞானம் தரும் விடை. அது உண்மையே. ஆனால் தேறிய பாரினால் உலகமும் பயன்பெறும், உல்லாசப் பயணியும் பயன்பெறுவான், ஆய்வாளனும் பயன்பெறுவான். மீனை விட்டுவைக்கும் செலவு மட்டும் பேசாலையிலும் அரிப்பிலும் ஒவ்வொரு வீட்டு உலையிலிருந்து எடுக்கப்படும். உலகப் பொதுச் சொத்து என்ற சொல் கரையோர மக்களின் காதில் ஐயத்துடன் விழுவதற்கு இதுவே காரணம். பழைய சலாபத்தில், கடலோடிக்கு முத்துப் பார் அரசின் சொத்தாகத் தோன்றியதும் ஏறக்குறைய இவ்வாறே.

பாதுகாப்பு என்ற பெயரில் நிலத்தில் நிகழ்ந்ததையும் அவர்கள் மறக்கவில்லை. மரிச்சுக்கட்டி மக்கள் புத்தளத்தில் அகதிகளாயிருந்த காலத்தில் அவர்களின் ஊரைக் காடு மூடிற்று. 2012 இல் அக்காட்டின் பகுதி ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டது. திரும்பி வந்தோர் காடழிப்போராகப் பெயர் பெற்றனர். அதன் வழக்கும் வாதமும் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. நிலத்துக்கு உறுதிப்பத்திரமாவது உண்டு, பாருக்கு அதுவும் இல்லை என்பதே இங்குப் பொருந்துவது.

ஆகவே அறிவூட்டலுக்கு முன் நிற்கும் வேலை, பாருக்குப் பாடு வகுத்தல். எந்தப் பாரில், எந்தப் பருவத்தில், எத்தொழிலுக்கு, எத்தனை பேர் என்பதை அவ்வவ்வூர்ச் சங்கங்களே தம்முட் பேசி முடிக்கவும், அம்முடிவை வெளியாரிடமிருந்து அரசு காக்கவும் வேண்டும். இது எளிதாக நிகழுமென எதிர்பார்ப்பதற்கில்லை. மாவெல்லையில் முறிந்த இடத்திலேயே இங்கும் முறியலாம். யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வி முதல் நாளே வரும். வாடிக்காரர் உள்ளேயா? போர்க்காலத்திற் போகாமல் எஞ்சிநின்று பாரைப் பயன்படுத்தியவருக்கு முன்னுரிமை உண்டா? 1990 இற் சிலாவத்துறையிலிருந்து வெளியேற்றப்பட்டவன் புத்தளத்தில் இறந்துவிட்டான். அவன் மகன் அங்கே பிறந்தவன், இக்கடலின் குறிகளைத் தந்தையின் வாய்ச்சொல்லால் மட்டும் அறிந்தவன். குலுக்கும் சீட்டில் அவன் பெயரும் எழுதப்படுமா என்பதைத் தீர்க்காமல் எந்தப் பாரிலும் ஒரு பாட்டையும் வகுக்கவியலாது.